நான்கு அங்குலம் தூக்கிய ஜீப்

புது ஜீப்பை வாங்கிய அன்றே, கடை வாசலிலேயே, அதில் மூன்று குறை கண்டுபிடித்துவிட்டேன். டயர் சின்னது. அடிவயிறு தாழ்வு. பின்சீட்டு நோயாளி படுக்க லாயக்கில்லை. சாவியைக் கொடுத்த விற்பனையாளர் கைகுலுக்க நீட்டிய கையோடு நின்றுகொண்டிருக்க, நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மொதல்ல ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க லா" என்றார் அவர். ஒரு வாரம் சும்மா இருக்கிற பொறுமையை ஆண்டவன் எனக்குக் கொடுக்கவில்லை.

நான் மருத்துவச்சி. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் இருபத்தேழு வருடம் பிரசவம் பார்த்தவள். தோட்டத்தில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. இப்போது பயிற்சிக்கு வருகிற பெண்கள் என் பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் காலத்துல பொம்பள நீங்க எதுக்கு ஜீப்பு வாங்குனீங்க? அதுவும் ஏன் இவ்வளவு ஒசரமா இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

1. ஆறு

எண்பதுகளின் தொடக்கத்தில், செமோருக்கு அப்பால் நான் வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினார்கள். நான் இருந்த குவார்ட்டர்ஸும் போயிற்று. துண்டுகளை வாங்கிய முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஈப்போவில் புந்தோங் பக்கம் வீடு எடுத்து, தினமும் காலையில் பஸ் பிடித்து செமோர் போவேன். அங்கிருந்து தோட்டத்து வேன் என்னை ஏற்றிக்கொண்டு போகும்.

ரோட்டுக்கும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவில் ஓர் ஆறு. வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர்தான். வண்டி போகிற பாலம் ஒரு வெள்ளத்தில் போனது. தோட்டம் துண்டான பிறகு, "அது என் துண்டுல இல்ல" என்று ஒவ்வொரு முதலாளியும் கையைக் கழுவிவிட்டார். அதனால் வண்டிகள் ஆற்றுக்குள்ளேயே கல்மேல் ஏறி இறங்கிப் போகும். கரையில் சூலம் நட்ட ஒரு கல் உண்டு. முனியாண்டி கல் என்பார்கள். தண்ணீர் அந்தக் கல்லின் அடியைத் தொட்டால் வண்டி இறங்கக் கூடாது. அதுதான் கணக்கு.

ஜீப் வாங்குவதற்கு முந்தின வருடம், மழைக் காலத்தில், லெட்சுமி என்ற பெண்ணுக்கு வலி கண்டது. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவள். தலைப்பிள்ளை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். வேனில் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். அதற்குள் மலையில் பெய்த மழை இறங்கிவிட்டது. சூலக்கல் பாதி முழுகியிருந்தது.

தண்ணீர் வடியும் என்று காத்திருந்தோம். துடிப்புக் கேட்கிற மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மழைச் சத்தம், ஆற்றின் இரைச்சல், அக்கரையில் எங்கோ ஒரு ஹாரன், எல்லாவற்றையும் மீறி உள்ளே டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தண்ணீர் வடிந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது லெட்சுமியை மட்டும்தான் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

ஆறு இனிமேல் என்னை நிறுத்தக் கூடாது என்று வைராக்கியம் வந்தது. ஃபோர் வீல் வண்டி இருந்தால் அன்றைக்கு இறங்கியிருக்கலாம் என்று வேன் டிரைவர் ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கார் ஓட்ட ஏற்கெனவே தெரியும். ஜீப்பும் ஓட்டப் பழகிக்கொண்டேன். ஜப்பான் ஜீப், சின்னது, பச்சைக் கலர்.

2. மணியம் பட்டறை

புந்தோங்கில் மணியம் அண்ணே ஒரு பட்டறை வைத்திருந்தார். ரப்பர் பால் லாரி, பலகை லாரி, டிராக்டர் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். வாங்கிய மூன்றாம் நாள் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தேன்: ஸ்பிரிங் தூக்க வேண்டும், பெரிய டயர், எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைக்கு ஏற்ற வேண்டும், ஒரு பக்கத்துப் பின்சீட்டைக் கழற்ற வேண்டும், முன்னால், சேற்றில் மாட்டினால் வடம் போட்டு இழுக்க ஒரு வின்ச்.

மணியம் பட்டியலைப் படித்தார். ஜீப்பைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"மிஸ்ஸி, சீட்டு பிளாஸ்டிக்கே இன்னும் கிழிக்கல. புது காடியப் போயி அறுக்கச் சொல்றீங்களே."

"அறுக்கச் சொல்லல அண்ணே. தூக்கச் சொல்றேன்."

"தூக்குனா ரோட்டுல ஆடும். வளைவுல பாத்து ஜாகா பண்ணி ஓட்டணும். பெரிய டயரு போட்டா பிரேக்கும் இந்த மாதிரி புடிக்காது. நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ரோட்டுல ஓட்டுறீங்க?"

"போக வர ரெண்டு மணி நேரம்."

"தண்ணியில?"

"அஞ்சு நிமிசம்."

"அந்த அஞ்சு நிமிசத்துக்கா இவ்வளவு சூசா, இவ்வளவு தொல்ல?"

"அந்த அஞ்சு நிமிசத்துக்குத்தான் அண்ணே இத வாங்குனதே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பட்டறையில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மணியம் கோபப்படவில்லை. "ஒரு மாசம் ஓட்டுங்க. அப்பறமும் இதே பட்டியலோட வந்தீங்கன்னா செய்வோம்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் புறப்படும்போது, புது வண்டி, கம்பெனிக்காரன் தெரியாமலா செய்திருப்பான், சும்மா விடு என்று தோன்றும். செமோர் தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பியதும் தூக்கியே ஆகவேண்டும் என்று தோன்றும். ஆற்றில் இறங்கி ஏறியதும், பார், அழகாகத்தானே ஏறியது என்று மனசு மாறும். சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் நோட்டுப் புத்தகத்தில் வின்ச்சை அடித்திருப்பேன். மறுநாள் திரும்ப எழுதுவேன். வழியில் உயரமான லாரியைக் கண்டால் பின்னாலேயே போய் அதன் ஸ்பிரிங்கைப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு பலகை லாரியை நிறுத்தி டிரைவரிடமே கேட்டேன். அவன் என்னைப் போலீஸ் என்று நினைத்து லைசென்ஸை எடுத்துக் காட்டினான்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி, ஆபீஸ் வராந்தாவில் நின்றபடி, "மிஸ்ஸி, முனியாண்டிக்குப் பூச போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஓட்டுன காடி. இனிமே கை வைக்கக் கூடாது" என்றார். "அப்ப ஆத்துத் தண்ணிக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நிறுத்துங்களேன்" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். விற்பனையாளரைக் கேட்டேன், மணியத்தைக் கேட்டேன், முன்பின் தெரியாத லாரி டிரைவரைக்கூடக் கேட்டேன். யார் அந்த வண்டியில் ஏறிப் போகப்போகிறார்களோ, அவர்களில் ஒருத்தியைக்கூட நான் கேட்கவில்லை.

மாதம் முடிவதற்குள் மழை தொடங்கியது. ஒரு காலையில் ஆற்றின் நடுவில் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து என் செருப்பை நனைத்தது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. எனக்கு லெட்சுமியின் வயிறுதான் கண்முன் வந்தது. அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய்விட்டேன்.

மணியம் வின்ச்சை மட்டும் மறுத்துவிட்டார். மற்றதெல்லாம் செய்தார். ஸ்பிரிங் மாட்டுகிற ஷேக்கிளை மாற்றி ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டியதில் பாதி, டயரில் பாதி; ஆகமொத்தம் நான்கு அங்குலம். பின்பக்கத்துப் படியைக் கல்லில் இடிக்கும் என்று கழற்றிவிட்டார். முடிந்ததும் அவர், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், நான், நாலு பேரும் பின்னால் ஏறி இறங்கிப் பார்த்தோம். பிரச்சினையே இல்லை. எங்கள் நாலு பேரில் வயிறு என்று ஒன்று இருந்தது மணியம் ஒருவருக்குத்தான். அது பிள்ளைத்தாச்சி வயிறு இல்லையே.

3. ராஜநடை

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த உயரம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஈப்போ டவுனில் டாக்ஸிக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். வளைவுகளில் மணியம் சொன்னபடி ஆடியது. கழுத்து வலித்தது. பிரேக்கை முன்கூட்டியே மிதிக்கப் பழகினேன். ஆனால் தண்ணீர் கல்லின் அடிக்கு ஒரு சாண் கீழே நின்ற நாளில், லயமே கரையில் நின்று பார்க்க, நான் உறுமிக்கொண்டு அக்கரை ஏறினேன். பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கு அப்போது நாற்பது வயது. வெட்கமில்லாமல் ஹாரன் அடித்துக் காட்டினேன்.

லயத்திலிருந்து அக்கரைக்குப் போக இன்னொரு வழி உண்டு. ஆற்றின் மேல்பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு தொங்கு பாலம். இரண்டு கம்பி வடம், அதன்மேல் பலகை. பால் நிறுக்கும் கொட்டகை அக்கரையில், ரோட்டுப் பக்கம் இருந்தது. ஆண்களும் பெண்களும் தோளில் காண்டா கம்பு, அதில் முன்னால் ஒரு பால் வாளி, பின்னால் ஒரு பால் வாளி, அந்தப் பலகைமேல்தான் தினமும் நடந்து போவார்கள்.

நாங்கள் போகமாட்டோம். கிராணி, மிஸ்ஸி, நாங்கள் எல்லாம் ஸ்டாஃப். ஸ்டாஃப் வண்டியில் போகும். யாரும் சட்டம் போடவில்லை; வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே அப்படித்தான். அந்தப் பாலம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் வழி என்று யோசித்தால் என் புத்தி வண்டிப் பாதையைத் தவிர வேறெதையும் காட்டாது.

4. மீன் வண்டி

புஷ்பாவுக்கு இருபத்தாறு வயது. வாய்த்துடுக்கு ஜாஸ்தி. முதல் பிள்ளை ஆபரேஷன். அதனால் இரண்டாவதை லயத்தில் பார்க்கவே கூடாது, வலி கண்டதும் ஈப்போ என்று நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது.

அன்று காலை நான் ஆற்றைத் தாண்டியபோது முழங்கால் தண்ணீர்தான். மழையில் பால்வெட்டு இல்லை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நான் இரண்டு பச்சைக் குழந்தைகளுக்குத் தொப்புளைத் துடைத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது புஷ்பாவின் வீட்டுக்காரர் ஓடிவந்தார். போய்ப் பார்த்தேன். சரியான வலி. ஆனால் இன்னும் ஆரம்பம்தான், பனிக்குடம் உடையவில்லை. ஜீப்பை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்து, "மிஸ்ஸி, கல்லு முழுகிருச்சு" என்றான்.

"பரவாயில்ல. இதுக்காகத்தான இத தூக்கி வச்சிருக்கேன்" என்றேன். சூலக்கல் முழுகின தண்ணீரில் நான் ஒருமுறைகூட இறங்கியதில்லை.

புஷ்பா வாசலுக்கு வந்தாள். ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். தளம் அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. படி இல்லை. அவள் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள்; வயிறு விடவில்லை. கைலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் முயன்றாள். வலி வந்து அப்படியே பம்பரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"தூக்கி ஏத்துங்க!" என்று கத்தினேன். சுற்றி ஆண்கள் நின்றார்கள். வீட்டுக்காரரைத் தவிர எல்லாரும் கை வைக்கத் தயங்கினார்கள். பிள்ளைத்தாச்சியை மற்ற ஆம்பளை தொட்டுத் தூக்குவதாவது? பெண்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். உயரம் எட்டவில்லை. ஒருத்தி பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். புஷ்பா ஏறியதும் வாளி சரிந்தது. நல்லவேளை, வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார்.

"இன்னொரு தடவ ஏறு!" என்றேன்.

"மிஸ்ஸி" என்றாள் புஷ்பா மூச்சு வாங்கிக்கொண்டு. "இதுல ஏறுறதுக்குப் பதிலா நா தென்ன மரமே ஏறிருவேன்."

"வெளையாட்டா இது? ஏறப் போறியா இல்லயா?"

அப்போது அக்கரையில் ஹாரன் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம். புஷ்பா தலையைத் தூக்கினாள்.

"ஆ பெங் வந்துட்டாரு. மீன் வண்டி. மழ நாள்ல அவரு தண்ணில எறங்க மாட்டாரு, அந்தப் பக்கந்தான் நிப்பாரு. நாங்க பாலத்துல போயித்தான் மீனு வாங்குவோம்." அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நா நடந்தே போயிர்றேன் மிஸ்ஸி. போன வாரம் வரைக்கும் அந்தப் பாலத்துல காண்டா தூக்குனவதான் நானு."

அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு பையன் முன்னால் ஓடி மீன்காரரை நிற்கச் சொல்லப் போனான். நான் பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாலத்தில் கால் வைத்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. வடம் ஆடியது. வடத்தைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. முன்னால் போன புஷ்பா நின்றாள். வலி வந்து, குனிந்து, நிமிர்ந்தாள். பிறகு திரும்பி எனக்குக் கை கொடுத்தாள்.

"கீழ பாக்காதீங்க மிஸ்ஸி. எம் முதுகப் பாருங்க. நா கால் வைக்கிற பலகயில நீங்களும் வைங்க."

பிரசவத்துக்குப் போகிறவள் மருத்துவச்சியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இதை நான் பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கரையில் ஆ பெங் தன் சின்ன வேனின் பின்னால் ஐஸ் பெட்டிகளை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். லூமுட் கடல் மீன். தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். சீனர்தான், ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "லெக்காஸ், லெக்காஸ், சீக்கிரம்! மீனு கெடக்கட்டும், யாராச்சும் எடுத்துக்குங்க. தங்கச்சி, ஏறும்மா!" வேனின் தளம் முழங்கால் உயரம்தான். புஷ்பா தானாகவே உட்கார்ந்து, தானாகவே காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஈப்போ ஆஸ்பத்திரி. ஆபரேஷன். பெண் குழந்தை. அது அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது. ஆ பெங்கும் நானும் மீன் வாடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"நல்ல காலம் நீங்க வந்தீங்க அண்ணே" என்றேன்.

"நா எப்பவும் வாரேன் லா. மழ வந்தா அந்தப் பக்கம் நிக்கிறேன், ஹாரன் அடிக்கிறேன். அஞ்சாறு வருசமா அப்படித்தான்."

அஞ்சாறு வருசமா. இரண்டு சின்னது, ஒரு நீளம். போன வருடம் லெட்சுமியின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டதும் அதே ஹாரன்தான். இரைச்சல் என்று அதை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் வடியட்டும் என்று நான் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த பெஞ்சிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆ பெங் பாவம், பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று நினைத்து எனக்கு ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

5. இறக்கியது

தண்ணீர் வடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். "அண்ணே, எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க" என்றேன். மணியம் உடனே ஸ்பேனரை எடுத்தார். ஸ்பிரிங்கை இறக்கினார். பழைய டயரைப் போட்டார். ஒரு பக்கத்துச் சீட்டை மட்டும் கழற்றினபடியே விட்டார். அது உபயோகமாகத்தான் இருந்தது. புதிதாக ஒன்றே ஒன்று செய்யச் சொன்னேன்: பின்பக்கம் மடக்கி நீட்டுகிற மாதிரி ஒரு படி, அகலமாக, முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி. அளவு எடுக்க ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மூன்று முறை ஏறி இறங்கி, "இன்னும் ரெண்டு அங்குலம் எறக்குங்க அண்ணே" என்றாள். இறக்கினார்.

மழை மாதங்களில் ஜீப்பை ஆற்றுக்குள் இறக்குவதையே விட்டுவிட்டேன். ரோட்டுப் பக்கத்துக் கரையில், பால் கொட்டகைக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்து லயத்துக்குப் போவேன். முதல் வாரம், "என்ன மிஸ்ஸி, காடி ரோசாக்கா, ஓடலயா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். பெரிய கிராணிக்கு ஸ்டாஃப் பாலத்தில் நடப்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

லெட்சுமியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஹாரன் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு அது என் காதில் விழுந்ததையும் சொன்னேன்.

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குந்தான் கேட்டுச்சு மிஸ்ஸி."

"அப்ப உன்னால நடந்திருக்க முடியுமா?"

"வலி அப்பத்தான் புடிச்சிருந்துச்சு. நடந்திருப்பேன்." ஒரு மங்கைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க படுன்னு சொன்னீங்க. படுத்துக்கிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பயிற்சிக்கு வரும் பெண்களே, வண்டி வாங்குங்கள். உயர்த்துங்கள், இறக்குங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் வலி கண்டவளைப் பார்த்ததும் பாயை விரிக்காதீர்கள். உன்னால் எதுவரை நடக்க முடியும், நீ எந்த வழியாகப் போவாய் என்று முதலில் அவளைக் கேளுங்கள். நான் புஷ்பாவையும் கேட்கவில்லை; அவள் வாய்த்துடுக்குக்காரி, அவளாகவே சொன்னாள். லெட்சுமி வாய் திறக்காதவள்.